இரண்டு வல்லரசுகள், ஒரு சஹன்

ருஷ்யாவும் சீனாவும் சாப்பிட வேண்டிய தட்டுகளை ஒரு டாக்சியின் டிக்கியில் விட்டுவிட்டு இறங்கியவன் நான். இதைப் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதினாலும் கடைசியில் தட்டுகள் டிக்கியில்தான் இருக்கின்றன. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் புத்தகத்தை மூடுகிறவர்களும் விஷயம் தெரிந்துகொண்டு மூடலாம்.

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

2006 ஜனவரியில், கொல்கத்தா வழியாக யாங்கோனில் இறங்கினேன். விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதுவது என் தொழில். மிச்ச நேரத்தில் நகைச்சுவை எழுதுகிறேன். என் முதலாளி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. நம் இட்லி மாவில் பாதி நாள் அரைபடுவது பர்மா உளுந்து என்பதால், "போய் சரக்கைப் பாரு. விலை மட்டும் பேசிராத" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பதினைந்து கிலோமீட்டர். டாக்சி நாலாயிரம் கியாட். எழுதுவது கியாட், வாயால் சொல்வது சாட். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. ஆகவே முந்தும்போது எதிரில் என்ன வருகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. இடது சீட்டில் இருக்கும் பயணிக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஒரு லாரி. நான் அலறியதும் ஓட்டுநர் நிதானமாக ஒடித்துத் திருப்பிவிட்டு, வெற்றிலைச் சிவப்பாகச் சிரித்து, "யபாடே" என்றார். பரவாயில்லை என்று பொருள். யாங்கோனில் நான் கற்ற முதல் சொல் அதுதான். ஊரை விட்டுக் கிளம்பும் வரை வேறு சொல் அதிகம் தேவைப்படவுமில்லை.

தங்கியது முதலாளிக்குத் தெரிந்த சிக்கந்தர் பாய் வீட்டில். கீழே அவருடைய சாப்பாட்டுக் கடை, மேலே குடும்பம். அவருடைய தாத்தா கீழக்கரையிலிருந்து கப்பலேறியவர். வீட்டில் அவர் பெயர் சிக்கந்தர், அரசாங்கத் தாள்களில் பர்மியப் பெயர், உ தான் மாங். மகள் நூர், ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வெளியில் மா சூ என்று பெயர். தமிழ் முழுக்கப் புரியும், பேசும்போது பர்மியச் சொற்களின் மேல் கால் வைத்துத் தாண்டி வருவாள். என்னை "ஊலே" என்றாள். மாமா மாதிரி ஒரு முறை.

அன்று இரவு நெய்ச்சோற்றை என் முன் குவித்துக்கொண்டே சிக்கந்தர் பாய் தன் கவலையைச் சொன்னார். கடை இருக்கும் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். மார்ச் பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். ஊருக்குள் வேறு இடத்துக்கு வாடகை கட்டுப்படியாகாது. இந்த நேரத்தில்தான் ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில், ஒரு ருஷ்யக் கம்பெனியும் ஒரு சீனக் கம்பெனியும் கூட்டாக என்ஜின் பட்டறை போடப்போகிற செய்தி வந்திருக்கிறது. ருஷ்யர்கள் இயந்திரம் தருவார்கள், சீனர்கள் கட்டடம் கட்டுவார்கள், தூதரகத்துப் பெரியவர்கள் ரிப்பன் வெட்டுவார்கள்.

"சனிக்கிழமை ரெண்டு தேசத்து ஆளுங்களும் நெலம் பாக்க வர்றாங்கோ தம்பி. மத்தியானச் சாப்பாடு நம்மளுது. பிடிச்சிருந்தா பட்டறைக் கான்டீன் நமக்கு. நானும் நாலு சமையக்காரங்களும் பொழச்சோம்."

"பிடிக்கலேன்னா?"

"டாலாவுல போயி சைக்கா, அதான் சைக்கிள் ரிக்‌ஷா, மிதிக்கணும். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு நான் மிதிச்சா சைக்கா நகருமா, சொல்லுங்கோ?"

நகராது என்பது பார்த்தாலே தெரிந்தது. அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, "எனக்கு ருஷ்ய மொழி தெரியும்" என்றேன்.

எங்கள் தலைமுறையில் தமிழ்நாட்டில் ருஷ்யப் புத்தகங்கள் கத்தரிக்காய் விலைக்குக் கிடைத்தன. வழவழப்பான தாள், கெட்டி அட்டை. அந்த நன்றிக்கடனில் ஆறு மாத ருஷ்ய வகுப்பில் சேர்ந்து நாலு மாதம் போனேன். இப்போது எஞ்சியிருந்தவை வணக்கம், நன்றி, 'இது ஒரு மேசை' ஆகியவை. சிக்கந்தர் பாயோ, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். அந்தக் கைகளைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

விருந்தாளிகள் தங்கியிருந்தது ஏரிக்கரை ஓட்டலில். சோவியத் காலத்தில் ருஷ்யர்கள் இந்த ஊருக்குக் கட்டித் தந்தது. மறுநாள் நாங்கள் தாண்டப்போகும் தன்லியின் பாலம் சீன உதவியில் எழுந்தது. ஒருவர் படுக்க இடம் கொடுத்தார், ஒருவர் போக வழி கொடுத்தார். இந்த ஊர் அரசாங்கமோ இரண்டு மாதம் முன்புதான் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே புதிய தலைநகருக்குப் போயிருந்தது.

நூரும் நானும் போனபோது ஓட்டல் வாசலில் மொழிபெயர்ப்பாளர் கோ அவுங் கிடைத்தார். யாங்கோன் சீனர், மெலிந்தவர், மூன்று நாளாகத் தூங்காத கண்கள். சீனர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் ருஷ்யர்களுக்கும், அவர்கள் சொல்லும் ஆங்கிலத்தைச் சீனத்தில் இவர்களுக்கும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சாச்சு. ஒண்ணுதான் பாக்கி" என்று அவர் பர்மியத்தில் சொன்னதை நூர் எனக்குத் தமிழில் சொன்னாள். "பட்டறைப் பெயர்ப்பலகை. யாரு பேரு மேல, யாரு பேரு கீழ. மூணு நாளு அதுதான் பேசுறாங்க."

உடனே என் ராஜதந்திர மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஒரே உயரத்தில் இரண்டு மேசை, இரண்டு கொடி, ஒரே மாதிரிப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் என்று திட்டம் போட்டேன். சீனத் தெருவில் கல்யாணப் பாத்திரக் கடையில் தட்டும் ஸ்பூனும் வாடகைக்கு எடுத்து, வைக்கோல் திணித்து ஒரே பெட்டியில் அடைத்தோம். "ஒடையாமக் கொண்டுவரப் பொறுப்பான ஆளு வேணும்" என்று சிக்கந்தர் பாய் என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை, காலை பதினொன்றரை.

அவரும் நூரும் சமையல்காரர்களும் பிரியாணி நிறைந்த தேக்சாப் பாத்திரங்களுடன் பிக்கப்பில் முன்னால் போய்விட்டார்கள். நான் பெட்டியுடன் டாக்சியில் பின்னால். தன்லியினுக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஆறாயிரம் சாட். பாலத்தின் நடுவே ரயில் பாதை, இருபுறமும் வண்டிகள். பஸ்ஸின் கூரையில் கோழிக்கூடைகளோடு ஆட்கள். பாகோ ஆறு கீழே தேநீர் நிறத்தில் ஓடியது.

பட்டறை நிலத்தில் புல் கூட இல்லை. சமன்படுத்திய செம்மண், சிமெண்ட் குழாய்கள், ஒரு தகரக் கொட்டகை. டாக்சி நின்றதும், ஆறடிக்கு மேல் ஒரு ருஷ்யர் எதிரே வந்தார். பெயர் பாவெல்; அவர்தான் அந்தக் கம்பெனியின் தலைவர் என்று பிறகு தெரிந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த நாலு மாத வகுப்புக்கு ஒரு பயன் வந்திருக்கிறது. குதித்து இறங்கி, ஓட்டுநர் கையில் பணத்தைத் திணித்து, ருஷ்ய மொழியில் வணக்கம் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். சோகமாகச் சொன்னபோது சோகமாகவும் ஆட்டினேன். அவர் மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில் திரும்பிப் பார்த்தேன். புழுதி மட்டும் இருந்தது.

நூர் ஓடி வந்தாள். "ஊலே, தட்டு?"

"டாக்சியில்."

"டாக்சி?"

நான் பாலத்தின் திசையைக் காட்டினேன். கைப்பேசி என்பது அந்த ஊரில் ஒரு கார் விலை; டாக்சிக்காரரிடம் எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருந்த ஒரே கடை வெற்றிலைக் கடை. வாழையிலை என்றேன். ஆளை அனுப்பி அறுத்து வருவதற்குள் விருந்தாளிகள் ஓட்டலுக்கே திரும்பிவிடுவார்கள் என்றார் ஒரு சமையல்காரர். சிக்கந்தர் பாய் அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். ஆனாலும் என்னைத் திட்டவில்லை.

"தம்பி, நீங்க கொஞ்ச நேரம் ஒண்ணுமே செய்யாம இருங்கோ. அது போதும்."

பிறகு எழுந்து போய்த் தேக்சாக்களைப் பார்த்தார். மூன்று தேக்சாவையும் மூடியிருந்தவை சஹன்கள். கீழக்கரைக் கல்யாணங்களில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். வரும்போது மூடியாக இருக்கட்டும் என்று எடுத்து வந்தது.

"பாய் விரிங்கோடா" என்றார்.

பிற்பகல் ஒரு மணி.

என் இரண்டு மேசைகளும் இரண்டு கொடிகளும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன. தலைவர்களின் சஹனில் பாவெல், சீனத் தலைவர் திரு லின், கோ அவுங், விருந்து கொடுக்கிறவர் கூட உட்கார வேண்டும் என்பதால் சிக்கந்தர் பாய், ஐந்தாவது ஆளாக நான். லின் சுத்தமான சிறிய மனிதர், மூக்குக்கண்ணாடியை அடிக்கடி துடைப்பவர். பாவெல் தன் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார். ஸ்பூன்களும் டிக்கியில் போய்விட்டதால் கையால்தான் சாப்பிட வேண்டும். இந்த விஷயத்தில் இரு நாடுகளும் சமமாகத் தவித்தன.

நடுவில் பிரியாணி ஒரு குன்று. குன்றின் உச்சியில் ஆட்டுத் தொடை ஒன்று முழுசாக.

சிக்கந்தர் பாய் முறையைச் சொன்னார். "அவங்க அவங்க முன்னால இருக்கறத அவங்க அவங்க சாப்பிடணும். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. நடுவுல இருக்க கறி எல்லாருக்கும். அது உங்க பக்கம் சரிஞ்சா அடுத்தவருக்குத் தள்ளி விடணும். கடைசி ஆளு முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக்கூடாது."

பதற்றத்தில் அவர் தமிழிலேயே சொன்னதை நூர் பர்மியத்தில் சொல்ல, கோ அவுங் இரண்டு தரப்புக்கும் மொழிபெயர்த்தார். லின் மிகுந்த அக்கறையுடன் ஏதோ கேட்டார்.

"எல்லை எங்கே என்று கேட்கிறார்" என்றார் கோ அவுங்.

சிக்கந்தர் பாய் சோற்றின் மேல் விரலால் கோடு கிழித்துக் காட்டினார். பாவெல் குனிந்து கோட்டைச் சரிபார்த்தார். சாப்பாடு தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில், பாவெல் தன் பக்கத்தை ஆழமாகவும் லின் தன் பக்கத்தை மேலோட்டமாகவும் தோண்டியதில், குன்று ஆட்டம் கண்டது. தொடை மெதுவாகச் சறுக்கி லின் பக்கம் போய் விழுந்தது. எல்லோரும் கையை நிறுத்தினார்கள். லின் அதை இரண்டு விரலால் பாவெல் பக்கம் தள்ளினார். பாவெல் நெஞ்சில் கை வைத்துத் திருப்பித் தள்ளினார். லின் விடவில்லை. தொடை போய்வந்த பாதை நெடுஞ்சாலை மாதிரி ஆகிவிட்டது. மற்ற இரண்டு சஹன்களிலும் அவரவர் ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்கந்தர் பாய் அதுவரை ஒரு பருக்கைகூட வாயில் போடவில்லை. அவருடைய கான்டீன் அந்தத் தொடையோடு போய்வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவரே அதை எடுத்து, ஒரே பிடியில் இரண்டாகப் பிய்த்தார். இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் பெரிது. பெரியதிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி என் பக்கம் போட்டுவிட்டு, இருவருக்கும் வைத்தார். அணிசேரா நாட்டுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் நல்ல பதமாக வெந்திருந்தது.

பாவெல் முழங்கி முழங்கிச் சிரித்தார். தேநீர்க் கோப்பையை உயர்த்தி, நட்புறவைப் பற்றி ஆங்கிலத்தில் பேச எழுந்தார். சிக்கந்தர் பாய் அவர் முழங்காலில் கை வைத்து, "உக்காருங்கோ, உக்காருங்கோ. இன்னும் அவர் முடிக்கல" என்று தமிழில் அமுக்கினார். மொழிபெயர்க்காமலேயே அவர் உட்கார்ந்தார். லின் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிடுகிறவர். காத்திருந்த நேரத்தில் பாவெல் சட்டைப்பையிலிருந்து பேத்தியின் புகைப்படத்தை எடுக்க, லின் இடது கையால் தன் பேரனின் படத்தை எடுக்க, கோ அவுங் மூன்று நாளில் முதல் முறையாக மொழிபெயர்க்காமல் சாப்பிட்டார்.

கை கழுவியதும் லின் பாவெலைப் பார்த்தார்; பாவெல் தலையாட்டினார். லின் கோ அவுங்கிடம் நாலு வார்த்தை சொன்னார். அதைப் பர்மியத்தில் கேட்டதும் சிக்கந்தர் பாய் மறுபடி சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கான்டீன் குடுத்துட்டாங்க, ஊலே" என்றாள் நூர். "மார்ச்சுல இருந்து."

திரும்பும்போது நான் பிக்கப்பின் பின்புறம் தேக்சாக்களோடு உட்கார்ந்தேன். சிக்கந்தர் பாய் அப்போதுதான் சாப்பிட்டார். பாலத்தின் மேல், ஆற்றுக் காற்றில், அடிபிடித்த சோற்றைச் சுரண்டிச் சுரண்டி. "நீங்களும் ஒரு கை வைங்கோ தம்பி" என்றார். வைத்தேன்.

கடை வாசலில் தட்டுப் பெட்டி இருந்தது. அதன் மேல் டாக்சி ஓட்டுநர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்த பாத்திரக்கடைப் பெயரைப் பார்த்து, அங்கே விசாரித்து, இங்கே வந்து சேர்ந்தாராம். கூடுதலாகப் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி.

விமான நிலையத்துக்கு நூர்தான் கொண்டுவந்து விட்டாள். சிக்கந்தர் பாய் அக்கரையில் அடுப்பு கட்ட இடம் அளக்கப் போயிருந்தார். உளுந்து பார்த்தாகிவிட்டது, விலை பேசவில்லை. வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்தேன். நம் ஊர்ப் பந்தியில் அவரவர் இலை, அவரவர் பாயசம். பக்கத்து இலையில் எத்தனை வடை என்று எண்ணுவோமே தவிர, நம் வடையை அங்கே தள்ளிவிட மாட்டோம். ஐந்து பேர் ஒரு தாம்பாளத்தில் கை வைத்தால் பெயர்ப்பலகைத் தகராறெல்லாம் என்ன ஆகும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தத் தட்டுகள் மட்டும் வந்து சேர்ந்திருந்தால் இது நடந்திருக்குமா? என் மறதிக்கும் உலக சமாதானத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று நூரிடம் விரிவாகவே எடுத்துச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். என் பையைத் தள்ளுவண்டியில் ஏற்றி வைத்தாள்.

"அப்டி இல்ல ஊலே. கோ அவுங் எனக்குச் சொன்னாரு. பலகைச் சண்டை வெள்ளிக்கிழமை ராத்திரியே ஓட்டல்ல முடிஞ்சிருச்சு, கையெழுத்தும் ஆயிருச்சு. அந்தக் கான்டீன்... தினம் பாலம் தாண்டிப் போகணும்ல, அதனால வாப்பாவத் தவிர வேற ஒருத்தரும் கேக்கவே இல்லையாம். வாப்பாகிட்ட சொல்லிராதீங்க."