பின்கட்டில் பாஸ்மதி வாசனை

என் கணவர் யாருக்கும் தெரியாமல் பாஸ்மதி அரிசி வடித்துச் சாப்பிடுகிறார் என்று எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் முழுமனதாக நம்பியது. குடும்பம் என்றால் நான், பூனாவில் வேலை பார்த்த எங்கள் மகள், வீட்டு வேலைக்கு வந்த பெண்மணி ஆகிய மூவர். நம்பாதவர் அவர் ஒருவரே.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியதால், பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு பழைய தனி வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். முன்பக்கம் தளம் போட்டது. பின்கட்டில் சமையலறைக்கும் சாமான் அறைக்கும் மட்டும் ஓட்டுக் கூரை. கொல்லையில் ஒரு சப்போட்டா மரம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மருத்துவர் சோற்றை மதியம் ஒரு கரண்டியோடு நிறுத்தியிருந்தார்.

குடியேறி இரண்டு வாரம் இருக்கும். விடியற்காலையில் பால் காய்ச்சப் போனபோது, அப்போதுதான் கஞ்சி வடித்தது போல, சுடச்சுட பாஸ்மதி சோற்றின் மணம். அடுப்பைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பாத்திரங்களெல்லாம் இரவு கவிழ்த்தபடியே இருந்தன. சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் ஒரு தம்ளரைக்கூடக் கழுவியதில்லை என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வரவில்லை.

கேட்டேன். "நான் சாப்பிடலை" என்றார்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். "அன்னிக்கே திருப்பிக் கொடுத்துட்டேனே மேடம்" என்று சொல்லும் முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாஸ்மதி டப்பாவைத் திறந்து, அரிசியின் மேலே விரலால் ஒரு மீன் வரைந்து மூடி வைத்தேன். மறுநாளும் மணம் வந்தது. மீன் கலையாமல் கிடந்தது. அப்படியானால் தனியாக அரிசி வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். அவருடைய அலமாரி, பழைய சூட்கேஸ், ஸ்கூட்டர் இருக்கையின் அடிப்பகுதி வரை சோதித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய சாமர்த்தியத்தின் மீது எனக்கு மதிப்புக் கூடியது.

அடுத்த வாரம் கொல்லை மதில்மேல் பளபளவென்று சப்போட்டா விதைகள் குவியலாகக் கிடந்தன. பழமும் அவருக்கு ஆகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, செய்தித்தாளில் வைத்து, வீடியோ அழைப்பில் மகளிடம் காட்டினேன்.

"ஒரே நேரத்துல எத்தனை பழம்ப்பா?"

"நான் ஒண்ணுகூடத் தொடலைம்மா."

"கையைக் கேமராகிட்ட காட்டுங்க."

அந்த மனிதர் இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி விளக்குமாற்றை நிறுத்தி, "இன்னா சார், சின்னப் புள்ளையா நீ? உன் நல்லதுக்குத்தானே அம்மா சொல்லுது" என்று தன் பங்கைச் செலுத்தினாள்.

அதன்பின் அவர் வாதாடுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காருவதையும் நிறுத்திவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும், என் முகத்தைப் பார்க்காமல், "இல்லைன்னு சொல்றேன். அதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை" என்றார். அதையும் தேர்ந்த நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், இரத்தப் பரிசோதனைக்காக அவர் வெறும் வயிற்றோடு அடையாறு போயிருந்தார். சாமான் அறையில் நானும் அந்தப் பெண்மணியும் பழைய பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். மணம் வந்தது, வழக்கத்தைவிடப் பலமாக. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது பரணிலிருந்து என் தோள்மேல் இரண்டு சொட்டு விழுந்தது. தொட்டு முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, பாஸ்மதி.

"யம்மா, மேல பாரு" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "சார் இல்ல. வேற ஒரு ஆளு கீறாரு."

எங்கள் பழைய மெத்தைச் சுருளின்மேல், கறுப்பு முகமூடி போட்டது போன்ற முகத்தோடு ஒரு மரநாய் படுத்திருந்தது. நீண்ட வால் கீழே தொங்கியது. தூக்கத்தைக் கெடுத்தவர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அவர் திரும்பியதும் பரணைக் காட்டினேன். முழங்கை மடிப்பில் பஞ்சோடு வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

"இவருக்குச் சுகர் இல்லையாமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோதுமை உப்புமாத் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

அன்று முற்பகலே தேடிப் படித்தேன். மரநாயின் சிறுநீருக்குப் பாஸ்மதி சோற்றின் மணம் உண்டாம். பழங்களை விழுங்கிவிட்டு, மதில்மேலும் மாடியிலும் விதைகளாகக் கழித்து வைக்குமாம். இரண்டாவது செய்தியைப் படித்ததும் எழுந்துபோய், சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினேன். என்றைக்கோ பொறுக்கிய விதைகளுக்கு அது மிகத் தாமதமான கழுவல். மகளிடம் சொன்னபோது, "ஐயோ அம்மா, அதையா பேப்பர்ல வச்சுக் காட்டினே?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாலையில் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை நன்றாகவே ஏறியிருந்தது.

"சோறு சாப்பிடலை, சரி. அப்புறம் இது எப்படிங்க?"

"அது மிளகாய் பஜ்ஜி."

"எங்கே?"

"பீச்ல. வாக்கிங் போறப்ப."

"தினமுமா? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ சோத்தைப் பத்தி மட்டும்தானே கேட்டே."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது சிரிப்புத்தான். கேட்ட கேள்விக்கு மாதக்கணக்கில் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்த மனிதரை, கேட்காத கேள்வியை வைத்துக் குற்றவாளியாக்க எனக்கு முகமில்லை. மறுநாளிலிருந்து நானும் அவரோடு நடக்கப் போனேன். வாரம் ஒரு பஜ்ஜி, ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம். மரநாயைப் பிடித்துப்போக ஆள் கூப்பிடலாம் என்றேன். "அதுதான் முன்னாடி குடிவந்தது" என்று அவர் மறுத்துவிட்டார்.

கட்டட வேலை முடிந்து மயிலாப்பூருக்குத் திரும்பிவிட்டோம். மகள் வெளிநாடு போய்விட்டாள். வேலைக்கு வந்த பெண்மணிக்கு இவ்வளவு தூரம் வர முடியாது. வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான். அவர் ஒன்றை இல்லை என்று சொன்னால், அதை நம்புவதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன்.