கால்வாய் கடலில் விழும் இடம்

என் மகள் வெள்ளவத்தைக் கடலில் கால் நனைக்க இறங்கினால் இன்றும் நான் கத்திவிடுகிறேன். கிருமி, கண்ணாடித்துண்டு என்று ஏதாவது காரணம் சொல்வேன். உண்மையான காரணம் சித்தப்பாவின் அஸ்தி.

அவருக்கும் சித்திக்கும் பிள்ளைகள் இல்லை. பெறாமகன் என்ற முறையில் சாம்பல் இருந்த மண்முட்டி என் கைக்கு வந்தது. எனக்குப் பதினொரு வயது. புது வேட்டி கட்டியதில் சிறு பெருமைகூட இருந்தது. யாழ்ப்பாணம் என்றால் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போயிருப்போம். சண்டையால் பாதை மூடியிருந்தது. ஆகவே தண்டவாளத்தைக் கடந்து, கால்வாய் கடலில் விழும் இடத்துக்குப் போனோம். பெண்கள் இதற்கு வருவதில்லை. சித்தி யாரையும் கேட்காமல் வந்தாள்.

தண்ணீர் தார்போல் கறுத்திருந்தது. பால்மாப் பைகளும் ஒற்றைச் செருப்புகளும் மிதந்தன. அப்பாவுக்கு நாற்றம் தாங்கவில்லை.

"பிள்ளை, கல்கிசைப் பக்கம் போவம். அங்க தண்ணி தெளிவு."

"வேண்டாம் அத்தான்," என்றாள் சித்தி. "அவர் பின்னேரத்தில வந்து நிண்டது இதிலதான். 'கொக்கு இன்னும் வருது பாரும், இந்தத் தண்ணி சாகேல்லை' எண்டுவார்."

"கொக்குக்கு மணம் தெரியாது போல," என்றார் அப்பா.

சித்தி சேலையோடு முழங்காலளவு இறங்கி, பைகளைக் கையால் விலக்கினாள். விலக்க விலக்க அலை அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தது. கடைசியில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது.

"மூக்கைப் பொத்தாத மோனை. சித்தப்பா கண்டா நக்கலடிப்பார். மெல்ல ஊத்து."

ஊற்றினேன். சாம்பல் கரையவில்லை. எண்ணெய்ப் படலத்தின்மேல் கிடந்து, மெல்ல நகர்ந்து, எங்கள் கால்களில் வந்து ஒட்டியது. நான் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினேன். சித்தி அசையவில்லை. குனிந்து, அந்தத் தண்ணீர்மேல் உள்ளங்கையை வைத்து, யாருக்கோ காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்றாள்.

வீட்டு வாசலில் அம்மா வாளியில் தண்ணீர் வைத்துக் காத்திருந்தாள். இந்தக் காரியம் முடித்து வருபவர்கள் கழுவாமல் உள்ளே போகக்கூடாது. நான் சவர்க்காரம் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தேன். சித்தி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலைக் கழுவிப்போட்டு உள்ள வாவன்," என்று அம்மா கெஞ்சினாள்.

இருட்டும்வரை சித்தி எழும்பவில்லை. அவள் காலில் காய்ந்திருந்த கறுப்பைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அது வெறும் ஊத்தை என்றுதான் நான் நினைத்தேன்.