கீறிட்ட இடத்தை நிரப்புக

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஃபோல்டரை அழிக்கப் பார்த்தார்கள். நான் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். வாராவாரம் என் சர்க்கரை வியாதியையும் கண்டி நகரத்து வாகன நெரிசலையும் பற்றிப் படித்துச் சலித்திருப்பீர்கள். இதெல்லாம் எழுத வருவதற்கு முன்னால் நான் ஒரு தேயிலைக் கம்பனியின் கண்டி ஒபிஸில் கம்பியூட்டர் பார்த்தவன். அங்கே பழைய சேர்வரை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றப் போகிறார்களாம். எதை வைப்பது, எதை எறிவது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன்.

இப்போது அந்த வேலையில் இருப்பவர் தர்ஷினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண். பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அண்ணா, இந்த ஆள் வேலையை விட்டுப் போய்க் கன காலம். உள்ளுக்கை ஒரு ஃபோல்டர் மட்டும் கிடக்கு. பேர் கூட வைக்கேல்லை, நியூ ஃபோல்டர் எண்டே இருக்கு. அழிச்சு விடட்டே?"

"வாணாம்!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லைதான். ஆனால் அந்த ஃபோல்டருக்கு ஒரு காலத்தில் பெயர் இருந்தது...

யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த நேரம். எங்கள் ஒபிஸ் கம்பியூட்டர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. மேலே எல்லாப் பிரிவிலும் புத்தம் புது விண்டோஸ் எக்ஸ்பி. கீழே ஸ்டோர்ஸில் மட்டும் பழைய தொண்ணூற்றெட்டு. அங்கே ஓடிய இருப்புக் கணக்கு புரோகிராம் வேறு எதிலும் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லாருடைய ஃபைல்களையும் சேர்வரில் வைத்து, யார் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அவரவர் சாமான் அவரவர் கைக்கு வரச் செய்வது என் வேலை. சொல்ல நல்லாத்தான் இருக்கிறது. புதுசு பழசைப் புரிந்துகொள்ளும். பழசு மட்டும் புதுசைப் புரிந்துகொள்ளவே செய்யாது. இது கம்பியூட்டருக்கு மட்டும் உள்ள வியாதியா?

சேர்வரில் ஒருவருக்கென்று ஒதுக்கும் இடத்துக்கு எங்கள் தொழிலில் 'ஹோம்' என்று பெயர். அதை ஒபிஸில் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினேன். "இனி உங்க ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒரு ஹோம் ஈக்குது. சாவி உங்க பாஸ்வேர்ட்" என்றேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப நானா, எங்க பரம்பரையிலேயே எழுத்துல கெடச்ச மொத வீடு இதுதானா?"

எல்லாரும் சிரித்தோம். கேட்டவர் செல்வராஜ், போக்குவரத்துப் பிரிவு கிளார்க். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் ஓர் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து, அதே காம்பிராவில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தவர். பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்தாலும் காம்பிரா தோட்டத்துக்குத்தான் சொந்தம். முஸ்லிம் என்பதால் ஒபிஸில் தமிழர், சிங்களவர் எல்லாருக்குமே நான் 'நானா', அதாவது அண்ணன்.

அன்றைக்கே செல்வராஜ் தன் ஹோமுக்குள் ஒரு ஃபோல்டர் போட்டார். தமிழில் பெயர் வைத்தார் — வீடு. எக்ஸ்பியில் தமிழ் எழுதலாம் என்று காட்டிக் கொடுத்தவுடன் அவர் எழுதிய முதல் சொல் அது.

காரணம் இருந்தது. மனைவி சரோஜாவின் நகைகள் எல்லாம் சேர்ந்து நாவலப்பிட்டி டவுனுக்குப் பக்கத்தில் பத்துப் பேர்ச் காணியாக மாறியிருந்தன. பகல் சாப்பாட்டு நேரத்தில் செல்வராஜ் எக்செல்லைத் திறந்து வீட்டுக்குப் படம் போடுவார். ஒரு கட்டம் ஓர் அடி. மகள் படிக்கிற மேசைக்குக் கூட நிறம் அடித்து இடம் விட்டிருந்தார். குளியலறை வாரத்துக்கு ஒரு திசைக்குப் போகும். 'வீடு கடைசி' என்று ஒரு ஃபைல், 'வீடு கடைசி கடைசி' என்று இன்னொன்று.

"குசினி ஜன்னல் பெருசா வைக்கச் சொல்லுது சரோஜா. லயத்துல பொகை குடிச்சது போதுமாம்" என்பார். நானும் எட்டிப் பார்த்து, குசினிக்கு எதிரே எதற்கு ஐயா கக்கூஸ் என்று சண்டை பிடிப்பேன்.

மாதக் கடைசியில் இருப்புப் பார்க்க அவர் ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், வேலை முடிந்த பிறகு, அங்கிருந்த தொண்ணூற்றெட்டிலேயே தன் ஹோமைத் திறந்தார். அந்தக் கிழட்டுக் கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்துக்கு எல்லாம் அது ஒரு கீறு போடும். வீடு இருந்த இடத்தில் இப்படி இருந்தது:

____

தட்டினார். அப்படி ஒன்று இல்லை என்றது. மறுபடி தட்டினார். பக்கத்தில் நின்ற சிங்கள ஸ்டோர் கீப்பர் பண்டார மாத்தயா, இது என்ன என்று கேட்டார். வீடு என்றார் செல்வராஜ். பண்டார மாத்தயா திரையை உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு கோடுதான் இருந்தது.

பண்டார மாத்தயா கெட்டவர் இல்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர். அவருடைய மகன் இராணுவத்தில், சண்டை நடந்த வன்னிப் பக்கம். கொழும்பில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்த வாரம் அது. டெலிபோன் மணி அடித்தாலே மகனைப் பற்றிய செய்தியோ என்று அந்த மனிதர் ஓடிப்போய் எடுப்பார். ஒரு தமிழ் ஆளிடம் பெயரே தெரியாத, திறக்கவும் முடியாத ஏதோ ஒன்று இருப்பதாக யாரிடமோ சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடப் பரீட்சையில் 'கீறிட்ட இடத்தை நிரப்புக' என்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஒபிஸ் அந்தக் கீறிட்ட இடத்தை ஒரே நாளில் நிரப்பிவிட்டது. வாசல் காவலாளி, குண்டு வைக்கப் போகும் இடத்தின் மெப் என்றார். ரிசப்ஷனில் ஆட்களின் பெயர்ப் பட்டியல் என்றார்கள். நேற்று வரை செல்வராஜின் சாப்பாட்டுப் பார்சலில் பங்கு கேட்டவர்கள் மேசையை மாற்றி உட்கார்ந்தார்கள்.

பிறகு பொலிஸ் வந்தது.

ஒபிஸில் தமிழ் வாசிக்கத் தெரிந்த, ஆனால் முஸ்லிம் என்பதால் தமிழர் கணக்கில் வராத ஆள் நான் ஒருவன். மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். பொலிஸ் அதிகாரியை மேலே எக்ஸ்பிக்கு அழைத்துப் போய்ப் பெயரைக் காட்டினேன். "கெதர, சேர்" என்றேன். சிங்களத்தில் வீடு. பக்கத்தில் செல்வராஜ் நின்றார்.

உள்ளே என்ன என்றார் அதிகாரி. காட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பித் திறந்தேன். முடியவில்லை. திரை முழுக்கக் கட்டங்கள், அளவுகள், வாசல்கள், ஜன்னல்கள். எல்லாம் தமிழில் எழுதிய ஒரு கட்டடத்தின் படம்.

"இது எந்தக் கட்டடம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என் வீடு சேர்" என்று செல்வராஜும் சிங்களத்திலேயே சொன்னார்.

"எங்கே இருக்கிறது?"

"இன்னும் கட்டவில்லை சேர்."

இல்லாத வீட்டுக்கு இத்தனை அளவு எதற்கு என்றார் அதிகாரி. ஆசையாக இருந்தது என்று செல்வராஜ் ஒரு பொலிஸ்காரரிடம் எப்படிச் சொல்வார்?

கூட்டிப் போனார்கள். மெனேஜரும் நானும் பின்னாலேயே போனோம், மறுநாளும் போனோம். பிரதேச சபையில் அனுமதிக்குக் கொடுத்திருந்த படமும் இதுவும் ஒன்றுதான் என்று உறுதியான பிறகுதான் விட்டார்கள். வெளியே பண்டார மாத்தயா நின்றிருந்தார். செல்வராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பரவாயில்ல மாத்தயா" என்றார் செல்வராஜ். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. சில வாரங்களுக்குத் தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் பிடித்தார்.

வேலைக்குத் திரும்பிய அன்று என் மேசைக்கு வந்தார்.

"நானா, அந்தப் பேர எடுத்துருங்க."

"வேற என்ன பேர் போடட்டும்?"

"ஒண்ணும் போட வேணாம். பேர் வைக்கிறதுக்கு முன்ன எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கட்டும்."

நியூ ஃபோல்டர் ஆக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை. கடைசியாகத் தொட்ட திகதி அப்படியே நின்றுவிட்டது. காணியும் கைமாறியது. ஏன் என்று சண்டை பிடித்தேன். "நாளைக்கே எந்திரிச்சு ஓடுன்னா, வீட்டத் தூக்கிக்கிட்டா ஓடுறது நானா?" என்றார். கொஞ்ச காலத்தில் வேலையையும் விட்டுவிட்டு வத்தளைப் பக்கம் போய்விட்டார். நான் இருந்த வரை சேர்வர் மாறும் போதெல்லாம் அந்த ஃபோல்டரையும் கூடவே தூக்கி வந்தேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தர்ஷினி ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். "மேசைக்கும் அளவு போட்டிருக்கிறார் அண்ணா" என்றார் மெதுவாக. அங்கிருந்தே செல்வராஜுக்கு ஃபோன் போட்டேன். வத்தளையில் மகளோடு, வாடகை மாடியில் இருக்கிறார்.

"செல்வா, உங்க வீடு இங்கதான் ஈக்குது. அனுப்பட்டா?"

"எந்த வீடு நானா?"

சொன்னேன்.

"குசினி ஜன்னல் இருக்கா அதுல?"

"ஈக்குது. பெருசாத்தான் ஈக்குது."

"சரோஜா இருந்தா காட்டலாம்... போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு நானா. வேணாம், அங்கயே கெடக்கட்டும்."

"சரி. பழைய பேர வச்சுடட்டா?"

"இப்ப எல்லா மெஷின்லயும் ஒழுங்காத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வைங்க."

தர்ஷினி தட்டச்சு செய்தார். வீடு. ஒபிஸில் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்தோம். மேலே, கீழே, ஸ்டோர்ஸில், என் கையிலிருந்த ஃபோனில் கூட, எழுத்து பிசகாமல் பெயர் தெரிகிறது.

வீடுதான் இல்லை.