வீட்டுக்குள் எத்தனை டிகிரி

சித்திரை வெயிலில் ஆத்தா மயங்கி விழுந்த செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. அதையும் ஆத்தா சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு எதையோ பேசப்போய் வாய்தவறிச் சொன்னார். நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். ஆத்தா பொன்னமராவதிக்குப் பக்கத்தில், நான் கட்டிய மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். அந்த வீட்டில் ஏசி உண்டு. அதன் ரிமோட் வந்த உறையோடு அலமாரியில் இருக்கிறது. நான் லீவில் வரும்போது மட்டும் அதை வெளியே எடுப்பாள்.

"இங்க என்னடா வெயிலு, சிலுசிலுன்னுல இருக்கு" என்பாள் போனில். பின்னால் ஃபேன் ஓடும் சத்தம்கூடக் கேட்காது. எனக்கு இங்கே சோறு இறங்காது.

ஆத்தாவை நம்பிப் பயனில்லை, ஒரு மிஷினை நம்பலாம் என்று முடிவு செய்தேன். வயர்லெஸ் வெதர் ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு குழாயில் மாட்டிவிட்டால் வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் அளந்து உள்ளே இருக்கும் திரைக்கு அனுப்பும். வைஃபை உள்ள மாடல் என்றால் கடல் தாண்டி என் போனுக்கும் அனுப்பும். இருப்பதில் எது நல்லது என்று சாப்பாட்டு இடைவேளைகளில் தேட ஆரம்பித்தேன். பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரித்ததில்லை. ஒருவேளை அதனால்தான் எதுவும் அமையவில்லை.

வாங்கியவர்கள் எழுதியிருந்த குறைகளை ஒன்று விடாமல் படித்தேன். பனி உறைந்து மழை அளக்கும் கிண்ணம் அடைத்துக்கொள்கிறது என்று ஒருவர் மிகவும் வருந்தியிருந்தார். பொன்னமராவதியில் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அறையில் என்னோடு இருப்பவர் கட்டுமாவடிக்காரர், மீன்பிடிக் குடும்பம். "காத்து சரியாக் காட்டுதான்னு மட்டும் பாருங்கண்ணே, மத்ததெல்லாம் சும்மா" என்றார். ஆத்தா கடலுக்குப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "போகாட்டியும் காத்து காத்துதானண்ணே" என்றார்.

கடைசியில், அறைக்குள் வைக்க சோப்புக்கட்டி அளவில் ஒரு தனிச் சென்சாரும் தருகிற மாடலை எடுத்தேன். எனக்கு வேண்டியது மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஆத்தா படுக்கிற அறை மத்தியானத்தில் எவ்வளவு கொதிக்கிறது என்பதுதான்.

லீவில் போய் நானே மாட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காற்றை அளக்கும் அதன் கிண்ணங்கள் சுழல ஆரம்பித்ததும், வெளிநாட்டுக் கேமரா என்று ஊரில் பேச்சு பரவியது. காம்பவுண்டு சுவரோரம் ஒதுங்குகிறவர்கள் வேறு சுவர் பார்த்துக்கொண்டார்கள். போட்ட காசு அப்போதே எடுத்தாகிவிட்டது. ஆத்தாவின் போனிலும் அதே ஆப்பைப் போட்டு, எண்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. மத்தியானம் ஆனால் அறைக்குள் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று காட்டியது. உடனே போன் போடுவேன். "ஏசியப் போடு ஆத்தா." "போட்டாச்சுடா." எண் அசையாது. மறுபடி போன். "நான் வேப்பமரத்தடியில கெடக்கேன், ரூம்பு வெந்தா ஒனக்கு என்ன?" என்பாள். மறுநாளும் இதே கூத்து. ஆத்தா மயங்கிக் கிடப்பதாகவே எனக்கு ஒவ்வொரு மத்தியானமும் தோன்றும். பயந்தேன் என்பதுதான் உண்மை.

ஒருநாள் பார்த்தால் ஆத்தாவின் அறை நாலு டிகிரி.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். கையேட்டைத் தேடிப் படித்தேன். மறுநாளும் நாலு. பனி உறைகிறது என்று வருந்தி எழுதியவர் நினைவுக்கு வந்தார். போன் போட்டேன்.

"ஆத்தா, ரூம்புக்குள்ள நாலு டிகிரி காட்டுது."

"ஏசி போட்டுருக்கேன்ல."

"ஏசி பதினாறுக்குக் கீழ எறங்காது ஆத்தா."



"மாவுச்சட்டிக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கேன். ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றாள். "வெளிய இருந்தா நீ கெடந்து தவிக்கிற. ஃப்ரிட்ஜுல இருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

எனக்குக் கோபம் வந்து கத்தினேன். விழுந்ததை மறைத்தாய், இப்போது இதையும் மறைக்கிறாய், நான் யாரைத்தான் நம்புவது என்றெல்லாம் கேட்டேன். நான் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆத்தா "ஒன் ஆபீஸுல எம்புட்டுடா?" என்றாள்.

"இருவத்திநாலு."

"லீவுக்கு வந்தப்ப ஒன் கழுத்து கரிக்கட்டையா இருந்துச்சே. அந்த ஏசி ஆபீஸுல எந்தப் பக்கம்டா வெயிலு அடிக்குது?"

எனக்கு ஆபீஸ் வேலை என்று ஆத்தாவிடம் சொல்லியிருந்தேன். ஆபீஸ் கட்டும் வேலை என்பதுதான் சரி. சாரம் கட்டுகிறேன்.

"ஒனக்கும் ஒண்ணு வாங்கி வையி. மழை காத்தெல்லாம் வேணாம், வெயிலு காட்டுனாப் போதும். ரூம்புல வைக்காத, நீ நிக்கிற எடத்துல வையி. நானும் பாக்குறேன்" என்றாள். பிறகு, "ஃப்ரிட்ஜு வேலையெல்லாம் எங்கிட்ட வச்சுக்காத" என்றாள்.

இந்த முறை தேர்ந்தெடுக்க நேரமே ஆகவில்லை. இருப்பதிலேயே சின்னதாக ஒன்று வாங்கி, அதே ஆப்பில் சேர்த்து, சைட்டில் நாங்கள் தண்ணீர் குடிக்கும் கொட்டகைத் தூணில், நிழல் பக்கமாக மாட்டினேன். கொட்டகைக்கு ஸ்டோர் ரூம் வைஃபை எட்டும். வெயில் பக்கம் மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. நிழலிலேயே நாற்பத்தேழு காட்டியது.

அன்று மத்தியானம் நான் கூப்பிடவில்லை. ஆப்பில் ஆத்தாவின் அறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்சார் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்திருந்தது. முப்பத்தொன்பது என்று இருந்தது மெல்ல இறங்கி முப்பத்திரண்டு ஆனது, பிறகு இருபத்தெட்டு. மறுபடி ஏதோ சூழ்ச்சி என்று நினைக்கும்போதே ஆத்தாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தேழுன்னு போட்டுருக்குடா" என்றாள். "பாத்ததுலேருந்து எனக்கு இங்க வேர்த்துக் கொட்டுது. அதான் ஏசியப் போட்டுட்டேன்."