லயத்துக்கு மேலே பள்ளிக்கூடம்

“நல்லா கறுப்பா எடுங்க மொதலாளி. வெளுத்துப்போனா ஆபீசுல நம்ம கஷ்டமும் வெளுத்துத்தான் தெரியும்” என்று சொல்லியபடி ஜீவராணி பிளாஸ்டிக் பையிலிருந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்குவார். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் போட்டோ கொப்பிக் கடைக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது வந்துவிடுவார். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வயது முப்பத்தாறு. கொழுந்துச் சாயம் ஏறி விரல் நுனிகள் கறுத்திருக்கும். கடதாசியில் பட்டுவிடக் கூடாது என்று உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துத்தான் நீட்டுவார்.

கடதாசிகள் எல்லாமே மகள் சுதர்ஷினியைப் பற்றியவை. ஒன்பது வயது. பிறந்தபோது மூச்சுவிடத் தாமதித்த பிள்ளை. கால் ஊன்றி நிற்க முடியாது, கழுத்து சொன்னபடி கேட்காது, ஒரு சொல் வாயிலிருந்து வெளியே வர நாலு பேர் பேசி முடிக்கும் நேரம் ஆகும். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. அவளை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நான்கு வருட அலைச்சலும் அதற்குத்தான்.

ஜீவராணிக்குச் சிங்களம் வாசிக்க வராது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான். ஆனால் எந்தக் கடதாசி எது என்பதில் ஒருநாளும் தடுமாறியதில்லை. “இது டீக்கறை பட்டது, கிளினிக் துண்டு. மூல கிழிஞ்சது கிராம சேவகர் குடுத்தது. இது ‘நே’ கடுதாசி.” சிங்களத்தில் ‘நே’ என்றால் இல்லை. விசேட வகுப்பு கேட்டுப் போன இடத்தில் ஒரு நோனா, அதிகாரி அம்மா, தலையை ஆட்டி “நே, நே” என்று சொல்லிக்கொண்டே கையில் கொடுத்த கடிதமாம். நாலு இடத்தில் ஏறி இறங்கியதற்கு ஒரு சாட்சி வேண்டுமல்லவா, அதற்காக எல்லா விண்ணப்பத்தோடும் அதையும் சேர்த்துக் கொடுத்துவந்தார். அதிகாரிகளைப் பற்றியும் அவரிடம் தனிக் கணிப்பு உண்டு. “மூணாவது சன்னல்ல இருக்க கண்ணாடி ஐயா தங்கமானவரு. என்னா, நான் போற அன்னைக்கெல்லாம் லீவு.”

ஒருமுறை படமெடுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து நிற்காததால் பின்னாலிருந்து நாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். படத்தில் பிள்ளையின் முகத்துக்குக் கீழே தாயின் விரல்கள். “கைய வெட்டிருங்க மொதலாளி, ஆபீசுல ஏத்துக்க மாட்டாங்க” என்றார். வெட்டினேன். எவ்வளவு வெட்டியும் ஒரு விரல் மிஞ்சிவிட்டது. வேறு படம் எடுக்கலாம் என்றதற்குச் சிரித்தார். “பரவால்ல, நானும் இருக்கேன்னு தெரியட்டும்.”

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வசிக்கும் லயத்துக்கு, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்கு, நேர் மேலேதான் தோட்டப் பள்ளிக்கூடம். நாற்பது படி. “பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்றது எங்கூட்டுக்குக் கேக்குமுங்க. இவளும் கீழ இருந்துக்கிட்டு கூடவே சொல்லுவா. அவங்க முடிச்சிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவாங்க, இவ ஆறாம் வாய்ப்பாட்டுல பாதியிலதான் நிப்பா. ஆனா விடமாட்டா. கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சிட்டுத்தான் தண்ணி கேப்பா.” அங்கே ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அந்தப் பள்ளியில் முன்பிருந்த அதிபர், இங்கே வசதியில்லை, பதுளையில் போய்க் கேளுங்கள் என்றாராம். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஜீவராணி இன்னும் பதுளையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள், மழைக்கு என் கடையில் ஒதுங்கியிருந்தபோது, தானாகவே சொன்னார்: “காலையில பெரட்டுக்களத்துல வேலைக்கு ஆள் பிரிக்கையில எம்பேரக் கூப்புடுறாங்க. நானும் ஒரு ஆளுன்னு எனக்குத் தெரியுது. இவ பேர நான் மட்டுந்தான் கூப்புடுறேன் மொதலாளி. வேற யாராவது ஒரு நாளைக்கு, புத்தகத்தப் பாத்து, கூப்புடணும். அது போதும்.” தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன்.

போன நவம்பரில் என் மெஷின் அந்த ‘நே’ கடிதத்தைக் கவ்விக்கொண்டது. கிழியாமல் இழுத்தெடுத்து, சுருக்கம் நீவும்போதுதான் அந்தச் சிங்களக் கடிதத்தை முதல் தடவையாக வாசித்தேன். தமிழில் நடக்கும் விசேட வகுப்பில் இடமில்லை என்று முதல் வரி. இரண்டாவது வரி, இடம் கிடைக்கும்வரை இப்பிள்ளையை வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையிலேயே சேர்த்துக்கொள்ளும்படி அதிபர் கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்றது. திகதியைப் பார்த்தேன். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வாசிக்க வரும். அந்தக் கடிதத்தில் இருபது பிரதியாவது என் கையால் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும், கறுப்பாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

தமிழில் வாசித்துச் சொன்னபோது ஜீவராணி கோபப்படவில்லை. “எங்க லயத்துக்கு மேல இருக்கதா? அதேவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இன்னொருக்கா வாசிங்க.” வாசித்தேன். மூன்றாம் தடவை வாசித்து முடித்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. “நாப்பது படிங்க, மொதலாளி” என்றார்.

புதிய அதிபர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தவணைக்கு, மூன்று மாதத்துக்கு, வைத்துப் பார்ப்போம், பிள்ளை வகுப்போடு ஒட்டினால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்றார். தவணை தொடங்கிய முதல்நாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. ஜீவராணி வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளையை முதுகில் சுமந்து படியேறினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமலிருக்கச் சீலைத் துண்டால் இடுப்பைக் கட்டினார். பிறகு வெளியே வந்து வாசல் நிலையோரம் என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வகுப்புக்குப் பொறுப்பான றிஸ்னி டீச்சர் வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் “இருக்கேன் டீச்சர்” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“சுதர்ஷினி.”

பிள்ளையின் உதடு அசைந்தது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரின் பேனா இடாப்பின் மேல் அப்படியே நின்றது.

டாக்டர், கிளார்க், பஸ் கண்டக்டர் என்று இந்த ஒன்பது வருடத்தில் யார் பிள்ளையிடம் பெயர் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொன்னது ஜீவராணிதான். இப்போதும் அவர் வாய் திறந்தது. அடுத்த கணம், இரண்டு கைகளாலும் அதை இறுகப் பொத்திக்கொண்டார்.