ஈரத்துக்கு ஆறு கிலோ கழிவு

இன்று மதுரையில் ஒரு சைக்கிள் கடை. மலைப்பாதை சைக்கிளின் அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க்கை என் உடம்புக்குத் தக்கபடி அமைக்க வேண்டுமாம்.

“எடை எவ்வளவு சார்?” என்றார் கடைக்காரர்.

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டை மெக்கானிக்கும் இதையேதான் கேட்டார். முன்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது.

“நூறு கிலோ வரைக்கும் இந்த ஸ்பிரிங்கு. அதுக்கு மேலன்னா தடிச்ச ஸ்பிரிங்கு. நெறுத்துட்டு வாங்கண்ணே.”

எதிரே மிளகாய் வத்தல் கமிஷன் கடை. மூடை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்.

“நூத்திப்பத்து!” என்று கத்திய எடைக்காரர், பழக்கதோஷத்தில் கழிவும் போட்டார்.

“சாக்குக்கு ரெண்டு, தூசிக்கு ரெண்டு…” வேர்வையில் நனைந்த என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். “சரக்கு ஈரமா இருக்கு, அதுக்கு ஆறு. கழிவு போக நூறு!”

எங்கள் காட்டில் விளைந்த வத்தலுக்கு அரைக்கிலோ கூடுதலாகக் கழித்தாலே மல்லுக்கு நிற்கிற ஆள் நான். அன்று பத்து கிலோ கழிவையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். அவர் எழுதித் தந்த எடைச்சீட்டை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் நூறை மட்டும் பார்த்து ஸ்பிரிங்கை மாட்டினார்.

பந்தல்குடி ரோட்டில் முதல் பள்ளத்திலேயே ஃபோர்க் ‘டங்’கென்று அடிவரை இறங்கியது. அப்புறம் எழவேயில்லை.

உருட்டிக்கொண்டு திரும்பி வந்து சத்தம் போட்டேன். மெக்கானிக் அப்போதுதான் சீட்டை முழுதாகப் படித்தார்.

“ஏண்ணே, கழிச்ச பத்து கிலோவக் கமிஷன் கடையிலயே எறக்கி வச்சுட்டா சைக்கிள்ல ஏறுனீக?”

மதுரைக்காரர் இன்னும் என் பதிலுக்காக நிற்கிறார். எனக்கு நன்றாகவே வேர்த்திருக்கிறது.

ஆறு கிலோ கழித்துச் சொல்லலாம்தானே?