கற்பிட்டிக்குப் போன வேன் வீடு

முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பொழுதெல்லாம் போனில் வீடியோதான். என் வயது அமெரிக்கர்கள் கட்டிலும் சமைக்கக் குசினியும் உள்ள வாகனத்திலேயே குடியிருந்து, இன்று கிராண்ட் கேன்யன், நாளை யெல்லோஸ்டோன் என்று திரிவார்கள். ஆசை தாங்காமல் எங்கள் பழைய வேனின் சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டேன். கேஸ் அடுப்பும் வைத்தேன்.

"கற்பிட்டிக் கடற்கரையில ரெண்டு நாள் இருந்துட்டு வருவம்," என்று மனைவியைக் கூப்பிட்டேன். "ஓம்" என்று மட்டும் சொல்லி ஏறினாள். வழியெல்லாம் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

கடலைப் பார்த்தபடி வேனை நிறுத்தினேன். தேத்தண்ணிக்குச் சீனி தேடி அவள் பையைத் திறந்தால், உள்ளே எங்கள் தில்லையடி வீட்டு உறுதிப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் பொலித்தீனில் சுற்றிக் கிடந்தன.

"ரெண்டு நாளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"தொண்ணூறுல மன்னாரில இருந்த முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாம் புலிகள் விரட்டினாங்களே. வள்ளத்தில வந்து இந்தக் கரையிலதான் இறங்கினம். ரெண்டு நாளையில திரும்பிப் போகலாம் எண்டுதான் வாப்பாவும் சொன்னாங்க," என்றாள்.

அடுப்பைப் பற்ற வைக்காமலே வேனைத் திருப்பினேன்.

இப்போதும் அந்த வீடியோக்களைப் பார்க்கிறேன். மலையும் ஏரியும் கண்ணில் நிற்பதில்லை. அந்த அமெரிக்கப் பெண்கள் தங்கள் பைக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன்.